முதுமையில் மார்பகத்து நமைச்சல்

முழங்கால் வலியைப் பற்றி வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அலுக்காமல் பேசுகிற ஓர் அறுபது வயது அம்மாள், மார்பகத்தின் அடியிலே சில மாதங்களாகச் சிவந்து நமைத்துக்கொண்டிருக்கும் ஒரு திட்டைப் பற்றி மட்டும், பெற்ற மகளிடம்கூட வாய் திறவாமல், விளக்கணைந்த பிறகு முந்தானையின் மறைவில் சொறிந்துகொண்டு காலம் தள்ளுவது நம் குடும்பங்களில் அபூர்வமான காட்சியன்று. அந்த மௌனத்துக்கு நாணமே காரணமென்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம்; ஆனால் நாணத்துக்கும் அடியில், ‘புற்றாக இருந்துவிடுமோ’ என்று பெயர் சொல்லப்படாமல் கிடக்கிற பயமும் உண்டு என்பதே என் அபிப்பிராயம். சொல்ல முடியாத விஷயம் கடைசியில் பேரனிடம் ‘அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் வாங்கி வா’ என்ற பொதுவான வாக்கியமாக உருமாறி, மருந்துக்கடைக்குப் போய்ச் சேருகிறது. கடைக்காரரும், யாருக்கு, எங்கே, எத்தனை நாளாக என்று ஒன்றும் கேளாமல், கைக்கு எட்டிய குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அந்தக் குழாய் திறக்கப்படுவதற்கு முன் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மார்பகத் தோலில் நமைக்கும் திட்டு என்பது ஒரு வியாதியின் பெயரன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துப் பதினைந்து வியாதிகள் அணிந்துகொள்ளும் ஒரே வேஷம் அது. அவற்றில் ஒன்றைத் தீர்க்கும் ஔஷதம் மற்றொன்றை வளர்த்துவிடும்.

வைத்திய நூல்கள் ஒரே சொல்லால் குறிக்கும் இந்த உபாதைக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! அரிப்பு, நமைச்சல், தினவு, ஊறல் என்று நம் முதியவர்கள் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அனுபவம் உண்டு. எறும்பு ஊர்வது போன்றதை ஊறல் என்பார்கள்; சொறிந்தால் சுகமும் விட்டால் எரிச்சலும் தருவதை நமைச்சல் என்பார்கள்; தினவு என்ற சொல்லையோ கவிஞர்கள் வீரனுடைய தோளுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தோலில் தெரிகிறவற்றுக்கும் அப்படியே படை, படர்தாமரை, கரப்பான், சொறி, சிரங்கு, தேமல், வேர்க்குரு, அக்கி என்று பெயர்கள் இருக்கின்றன. நோயாளி எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று பொறுமையாகக் கேட்கிற வைத்தியருக்குப் பாதி நிதானம் அங்கேயே கிட்டிவிடும்; மற்றப் பாதி, திட்டு மார்பகத்தின் எந்த இடத்தில் இருக்கிறது, ஒரு பக்கத்திலா இரு பக்கத்திலுமா, எவ்வளவு காலமாக என்ற மூன்று கேள்விகளில் அடங்கியிருக்கிறது.

முதலில், ஒரு திட்டுமே இல்லாமல் நமைக்கும் தோலைப் பார்ப்போம். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜென் சுரப்பு குறைந்து, தோல் மெலிந்து, எண்ணெய்ச் சுரப்பிகளும் சோம்பிவிடுகின்றன. தோலின் மேலடுக்கு தன்னிடமுள்ள ஈரத்தைப் பிடித்துவைக்கும் சக்தியை இழக்கிறது. வறண்ட குளத்தின் அடிமண் போல நுண்ணிய வெடிப்புகள் தோன்றி, அந்த வெடிப்புகளின் வழியே சோப்பும் வியர்வையும் உள்ளே புகுந்து நரம்பு நுனிகளைச் சீண்டுகின்றன. முதியவர்களின் இந்த நமைச்சலை, தோல் வியாதிகளை வகைப்படுத்திப் பெயரிட்ட முன்னோடியான ராபர்ட் வில்லன் என்ற ஆங்கில மருத்துவரின் பெயரால் ‘வில்லன் நமைச்சல்’ என்று சொல்லும் வழக்கம் மேல்நாட்டு நூல்களில் உண்டு. 1812இல் காலமான அந்தப் பெரியவருக்கும் நம் திரைப்படங்களின் வில்லனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையாயினும், இரவு முழுவதும் தூங்கவிடாத ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருந்தாமலில்லை. இதற்குச் சிகிச்சை எளிது: கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை விட்டு வெதுவெதுப்பான நீருக்கு மாறுவது, சோப்பை அக்குளுக்கும் இடுப்புக்குக் கீழும் மட்டும் வைத்துக்கொள்வது, துவட்டிய மேனியில் ஈரம் சற்று மீதமிருக்கும்போதே எண்ணெயோ மணமில்லாத ஈரப்பசைக் களிம்போ தடவுவது. தேங்காயெண்ணெயைப் பாட்டி வைத்தியமென்று இகழ வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸில் நடத்தப்பட்டு 2004இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, வறண்ட தோலுக்கு அது கனிம எண்ணெய்க்கு இணையாகப் பயன்படுவதைக் காட்டியிருக்கிறது.

ஆயினும் நம்முடைய உஷ்ண தேசத்தில் வறட்சியைவிட ஈரமே அதிகமாகத் தொல்லை கொடுக்கிறது. வயது ஏற ஏற மார்பகம் தளர்ந்து தொங்கி, அதன் அடித்தோலும் வயிற்றின் மேல்தோலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. காற்றுப் புகாத அந்த மடிப்பில் சித்திரை வைகாசியின் வியர்வை தேங்கி, அடுப்படியின் சூட்டில் வெந்து, நடக்கும்போது தோலோடு தோல் உரசிச் செந்நிறமாகப் புண்படுகிறது. இறுக்கமான உள்ளாடையும், வியர்வையில் நனைந்து உடம்பிலேயே உலரும் நைலான் கலந்த ரவிக்கையும் இதற்குத் துணை. இந்த வெறும் உராய்வுப் புண்ணில், நம் உடலிலேயே சாதுவாகக் குடியிருக்கும் கேண்டிடா என்ற காளான் இனம் சமயம் பார்த்துப் பெருகத் தொடங்கும்போது நமைச்சல் கொடியதாகிறது. பளபளப்பான செம்மை, வெந்து வெளுத்த விளிம்பு, அந்த விளிம்புக்கு அப்பால் தாய்க்கோழியைச் சுற்றிய குஞ்சுகள்போலச் சிதறிக் கிடக்கும் சின்னஞ்சிறு கொப்புளங்கள் ஆகியவை அதன் லக்ஷணங்கள். இவற்றைக் கண்ட மாத்திரத்தில் அனுபவமுள்ள டாக்டர் களிம்பின் பெயரை எழுதுவதற்கு முன் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்வார். ஏனெனில், தனக்கு நீரிழிவு இருப்பதையே அறியாத பல பெண்மணிகளுக்கு அச்செய்தியைச் சொல்லும் முதல் தூதாக இந்த மடிப்புப் புண் வந்து நிற்கிறது. சர்க்கரை அடங்காதவரை எந்தக் களிம்பும் நிலைத்த பயன் தராது.

மடிப்பைக் குணப்படுத்துவதில் மருந்தைக் காட்டிலும் உலர்த்துவதே முக்கியம் என்பதை நான் எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். காலையும் மாலையும் நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு மின்விசிறியின் கீழே மல்லாந்து பத்து நிமிஷம் படுத்திருப்பது கூச்சமான சிகிச்சைதான். ஆனால் அதற்கு இணையான சிகிச்சை கடையில் கிடைக்காது. பழைய பருத்தி வேட்டியின் மெல்லிய துண்டு ஒன்றை மடித்து மார்பகத்தின் அடியில் வைத்து, நனைந்தவுடன் மாற்றிக்கொண்டிருந்தால் தோலும் தோலும் ஒட்டாது. காளானுக்கு குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் களிம்பை மெல்லியதாக நாளைக்கு இரு முறை, சிவப்பு மறைந்த பிறகும் சில நாட்கள் வரையில் தடவி வரலாம். உராய்வைத் தடுக்கத் துத்தநாகக் களிம்பு உதவும். வாசனைப் பவுடரை அள்ளிக் கொட்டும் பழக்கம் நன்றன்று. வியர்வையில் அது கட்டியாகித் திரண்டு மணற்காகிதம்போல உராய்கிறது. மடிப்பில் நமைச்சல் அதிகமில்லாமல் பழுப்பு நிறத் திட்டு ஒன்று மாதக்கணக்காக நீடித்தால், அது காளானாக இல்லாமல் ஒரு பாக்டீரியாவின் வேலையாகவும் இருக்கலாம். அமெரிக்க பௌதிக அறிஞர் ராபர்ட் வுட்டின் பெயர் தாங்கிய புற ஊதா விளக்கை இருட்டறையில் அதன்மேல் பிடித்தால் பவளச் சிவப்பாக ஒளிரும். அதற்கு வேறு மருந்து.

இனி, மருந்துக்கடைக் குழாயின் கதைக்கு வருவோம். அதில் பெரும்பாலும் இருப்பது காளான் மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமிக்க ஸ்டீராய்டு ஆகிய மூன்றின் கலவை. ஸ்டீராய்டு சிவப்பையும் நமைச்சலையும் இரண்டே நாளில் அடக்கிவிடுவதால் ‘கை கண்ட மருந்து’ என்ற பெயரும் அதற்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அத்திட்டு படர்தாமரையாக இருக்குமானால், உடலின் எதிர்ப்பு அடங்கிய இடத்தில் காளான் நிம்மதியாக வேர் ஊன்றி, வட்டமும் விளிம்பும் கலைந்து, அடையாளமே தெரியாத உருவத்தில் பரவுகிறது. 1968இலேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஸ்டீராய்டால் முகம் மாறிய இந்தப் படைக்கு ‘அடையாளம் மறைந்த படை’ என்ற பொருளில் ஒரு லத்தீன் பெயர் சூட்டினார்கள். அரை நூற்றாண்டு கழித்து அது நம் நாட்டில் கொள்ளைநோய்போலப் பரவியிருக்கிறது. பழைய மருந்தான டெர்பினஃபினுக்குக் கட்டுப்படாத புதிய காளான் இனம் ஒன்றுக்கு 2020இல் நம் தேசத்தின் பெயரையே சேர்த்து ‘டிரைக்கோபைட்டான் இந்தோட்டினியே’ என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருப்பது நாம் பெருமைப்படத் தக்க புகழன்று. ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருக்கிறது, விற்பனையும் இருக்கிறது. மார்பகத்து மடிப்பில் மாதக்கணக்காக ஸ்டீராய்டு தடவிய முதியவளின் தோல், ஏற்கெனவே வயதால் மெலிந்தது, வெங்காயச் சருகுபோல ஆகி, சிவந்த கோடுகள் ஓடி, நகம் பட்டால் கிழிந்துவிடும். படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசும் நாட்டு வழக்கத்தில் காளானை அடக்கும் சத்து உண்டு என்பது மெய்யே. ஆயினும் மெல்லிய மடிப்புத் தோலில் அது எரிச்சல் மூட்டக்கூடும்.

ஒவ்வாமையால் வரும் கரப்பானைத் துப்பறிவதற்குச் சிறிது வீட்டு ஞானம் வேண்டும். உள்ளாடையின் கொக்கியிலும் கவரிங் சங்கிலியிலும் உள்ள நிக்கல், எலாஸ்டிக் பட்டையின் இரப்பர், புதிய சலவைத் தூள், சோப்பின் மணம் ஆகியவற்றை எல்லா நூல்களும் சொல்லும்; நம் பெண்மணிகள் நாள்தோறும் திருமாங்கல்யத்தில் இடும் குங்குமத்தின் சாயம் நடு மார்பில் படிந்து ஒவ்வாமை உண்டாக்கக்கூடும் என்பது நம் ஊர் டாக்டருக்கே முதலில் தோன்ற வேண்டிய விஷயம். நாற்பது ஆண்டு ஒத்துப்போன பொருள் இப்போது எப்படிக் கெடுதலாகும் என்று கேட்பார்கள். ஒவ்வாமை எந்த வயதிலும் புதிதாகத் தோன்றலாம் என்பதே பதில். சந்தேகப் பொருள்களை முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைத்துப் பார்க்கும் பரிசோதனை குற்றவாளியைக் காட்டிக் கொடுத்துவிடும். இத்தகைய நிலையில், மிதமான ஸ்டீராய்டு, டாக்டரின் மேற்பார்வையில், குறித்த சில நாட்களுக்கு மட்டும், உண்மையான நண்பனாக இருக்கிறது.

இரவில் மட்டும் நமைச்சல் பெருகி, முலைக்காம்பைச் சுற்றியும், விரலிடுக்கிலும், மணிக்கட்டிலும், தொப்புளருகிலும் சிறு பருக்கள் காணப்பட்டால், அது சிரங்குப் பூச்சியின் வேலை. 1687இல் பொனோமோ என்ற இத்தாலிய மருத்துவர் உருப்பெருக்கியில் கண்டு வரைந்த அந்தப் பூச்சியை ஒழிக்க 5 சதவிகித பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம்வரை இரவில் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரத்தில் மறுபடியும் செய்தால் போதும். ஆனால் பாட்டிக்கு மட்டும் பூசி, அவர் மடியில் உறங்கும் பேத்தியை விட்டுவிட்டால், பூச்சி திரும்பி வந்துவிடும். வீடு முழுவதும் ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும். மார்பகத்தின் அடியிலும் பக்கத்திலும், மெழுகைச் சொட்டி ஒட்டவைத்தாற்போல, பழுப்பாகவோ கருமையாகவோ சொரசொரப்புடன் எழும் முதுமை மருக்கள் அபாயமற்றவை. ஆடை உரசுவதால் நமைத்தால் திரவ நைட்ரஜனால் உறையவைத்தோ சுரண்டியோ நீக்கிவிடலாம். விரலால் கிள்ளுவதும் சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும் வேண்டா. ஆனால் ஒரு மரு மட்டும் கறுத்து, ஒழுங்கற்றுப் பரந்து, இரத்தம் கசிந்தால், அதைத் தனியாகக் காட்டியே தீர வேண்டும்.

அக்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. ஒரு பக்கத்து மார்பில் இரண்டு மூன்று நாள் ஊறலும் எரிச்சலுமாக இருந்து, பிறகு முதுகிலிருந்து மார்பகத்தின் கீழ்வரை அரைக் கச்சை கட்டியதுபோல நீர்க்கொப்புளங்கள் எழுமானால், நம் கிராமங்களில் குயவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின்மேல் ‘அக்கி எழுதுவார்’. காவியின் குளிர்ச்சி எரிச்சலைச் சற்றுத் தணிப்பதும், பெரும்பாலான அக்கி இரண்டு மூன்று வாரங்களில் தானே காய்ந்துவிடுவதும் அந்த எழுத்துக்குப் புகழ் தேடித் தந்தன. குயவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தொடக்கூடக் கூசுகிற புண்ணை உட்கார்ந்து பார்த்துப் பரிவோடு கை வைத்த மனிதர் அவர். ஆனால் சிறுவயதில் சின்னம்மையாக வந்துபோன கிருமியே நரம்பு வேரில் ஒளிந்திருந்து முதுமையில் அக்கியாக எழுகிறது என்பது தெரிந்துவிட்ட பிறகு, காவிக்காகக் கழிக்கும் நாட்கள் விலைமதிப்புள்ளவை ஆகிவிட்டன. கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கினால் புண் விரைவில் ஆறும். காலதாமதமானால் பயன் குறைகிறது. புண் ஆறிய பிறகும் மாதக்கணக்காக நீடிக்கும் நரம்பு வலியே அக்கியின் உண்மையான கொடுமை. வயது ஏற ஏற அதன் அபாயமும் ஏறுகிறது. ஐம்பது கடந்தவர்களுக்கென்று தடுப்பூசியும் இப்போது உண்டு.

இதுவரை சொன்னவையெல்லாம் தொந்தரவுகள். இனிச் சொல்வது ஆபத்து. 1874இல் லண்டனின் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையைச் சேர்ந்த ஸர் ஜேம்ஸ் பாஜெட், அந்த மருத்துவமனையின் ஆண்டுத் தொகுப்பில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை எழுதினார். நாற்பதிலிருந்து அறுபதும் அதற்கு மேலும் வயதுள்ள ஏறக்குறைய பதினைந்து பெண்களின் முலைக்காம்பிலும் அதைச் சுற்றிய கருநிற வட்டத்திலும் கரப்பான்போல் சிவந்து, கசிந்து, நமைத்து, எரிந்த ஒரு நோயை அவர் கவனித்து வந்தார். சாதாரணக் கரப்பானுக்குரிய எந்தச் சிகிச்சைக்கும் அது இசையவில்லை. அவர் தொடர்ந்து கவனிக்க முடிந்த ஒவ்வொருவருக்கும், அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குள், பெரும்பாலும் ஓராண்டுக்குள், மார்பகத்தின் உள்ளே புற்றுநோய் தோன்றியது. எக்ஸ்ரே இல்லாத காலத்தில், ஒரு திட்டைச் சலியாமல் பார்த்துக்கொண்டே இருந்ததன் பலனாகக் கிடைத்த கண்டுபிடிப்பு அது. தோலிலுள்ளது பின்னர்ப் புற்றை வரவழைக்கிறது என்று அவர் எண்ணினார். உள்ளே பால்நாளங்களில் ஏற்கெனவே இருக்கும் புற்றணுக்களே காம்பின் தோலுக்கு ஊர்ந்து வருகின்றன என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரையே இந்த உருவத்தில் வருகிறது. ஆனால் இந்த உருவத்தில் வந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு உள்ளே புற்று இருக்கிறது, அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கே கட்டி கையில் தட்டுப்படும். ஆகவே ‘கட்டி ஒன்றும் இல்லையே’ என்ற ஆறுதல் இங்கே செல்லாது. சாதாரணக் கரப்பானிலிருந்து இதைப் பிரித்தறிய இரண்டு அடையாளங்களைச் சொல்லலாம்: கரப்பான் பெரும்பாலும் இரு பக்கத்திலும் வரும், பாஜெட் நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான், கரப்பான் பல சமயம் கருவட்டத்தில் தொடங்கிக் காம்பை விட்டுவைக்கும், பாஜெட் நோய் காம்பிலே தொடங்கி வெளியே படரும். காம்பு உள்வாங்கினாலும், தட்டையானாலும், ரவிக்கையில் இரத்தக்கறை பட்டாலும் சந்தேகம் வலுக்கிறது. மிகப் பொல்லாத விஷயம் என்னவெனில், ஸ்டீராய்டுக் களிம்பு இந்தத் திட்டையும் சில நாட்கள் வெளுக்க வைத்துவிடும். குணமாகிவிட்டதென்று நம்பி நோயாளி மகிழ்ந்திருக்க, உள்ளே நோய் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நடுவயது கடந்த ஒரு பெண்ணின் ஒரு பக்கத்துக் காம்பில் வந்த கரப்பான் இரண்டு மூன்று வாரச் சிகிச்சையில் முற்றும் ஆறாவிட்டால், களிம்பை மாற்றிக் கொடுக்கும் டாக்டரைவிட, பரிசோதனைக்குத் தோல்துண்டு எடுக்கக் கத்தியை எடுக்கும் டாக்டரே உத்தமர்.

மார்பகம் சில வாரங்களுக்குள் சிவந்து, சூடேறி, கனத்து, தோல் ஆரஞ்சுப் பழத்தோல்போலக் குழிகுழியாக மாறினால், அது அழற்சி வகைப் புற்றாக இருக்கலாம். பால் கொடுக்கும் தாய்க்கு வரும் சீழ்க்கட்டியைப் போலவே இருப்பதால் கிருமிக்கொல்லி மாத்திரையில் நாட்கள் வீணாகின்றன; அறுபது வயதில் பால் கட்டுவதில்லை என்பதை நினைவில் வைத்தால் போதும். முன்பே புற்றுக்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற மார்பில், ஆண்டுகள் கழிந்து ஊதா நிறத் திட்டு தோன்றினாலும் உடனே காட்ட வேண்டும்.

தோலில் ஒன்றுமே இல்லாமல் மார்பிலும் முதுகிலும் உடல் முழுவதும் அரித்தால், காரணத்தைத் தோலுக்கு வெளியே தேட வேண்டியிருக்கும்: சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, சில சமயம் இரத்தத்தின் நோய்கள். கொப்புளம் எழுவதற்குப் பல வாரம் முன்பே நமைச்சலை மட்டும் அனுப்பிவைக்கும் வியாதி ஒன்றும் முதியவர்களுக்கு உண்டு. வால்டர் லீவர் என்பவர் 1953இல் அதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். இவற்றில் பெரும்பாலானவற்றை அறியச் சில இரத்தப் பரிசோதனைகள் உதவும். அவற்றைச் செய்யாமல், தூக்கம் வரவழைக்கும் பழைய அரிப்பு மாத்திரையை இரவுதோறும் விழுங்கும் மூதாட்டி, நள்ளிரவில் கழிவறைக்கு எழுந்து, தலை கிறுகிறுத்து விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது, அரிப்பைவிடப் பெரிய துன்பமல்லவா?

சதைத் துண்டெடுக்கும் பரிசோதனையைப் பற்றிய பீதியினாலேயே பலர் டாக்டரிடம் போகாமல் இருக்கிறார்கள். ‘கத்தி பட்டால் புற்று பரவும்’ என்ற வதந்தி இன்னமும் சாகவில்லை. அது அப்படிப் பரவுவதில்லை. மரத்துப்போகும் ஊசி ஒன்றைப் போட்டு, நான்கு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கத்தியால், ஒரு மிளகளவு தோலை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். கால் மணி நேர வேலை. முடிவு சில நாட்களில் வரும். அதோடு மாமோகிராம் படமும் எடுக்கப்படும். பாஜெட் நோய் உறுதியானால், மாமோகிராமில் ஒன்றும் தெரியாவிட்டாலும் காந்தப் படமும் (எம்.ஆர்.ஐ.) வேண்டியிருக்கலாம். நோய் காம்பின் சுற்றிலேயே அடங்கியிருந்தால் மார்பகம் முழுவதையும் எடுக்காமல், அப்பகுதியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சுக் கொடுப்பதும் இப்போது சாத்தியம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டபோது சில கொட்டகைகளும் பன்னிரண்டு படுக்கைகளுமே இருந்தன. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா அறுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்து, முற்றிய பிறகு வந்து சேரும் பெண்களைப் பார்த்துப் பார்த்து, முன்னமே கண்டறிவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இன்று மாவட்டத் தலைநகரங்களில் அரசு மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு உண்டு. பெண் டாக்டரைக் கேட்டுப் பெறலாம், மகளோ மருமகளோ உடனிருக்கலாம். போகும் நாளன்று காலையில் திட்டின்மேல் களிம்பும் மஞ்சளும் பூசாமல், அதுவரை தடவிய குழாய்களையெல்லாம் ஒரு பையில் போட்டு, முன்புறம் திறக்கும் ரவிக்கை அணிந்து போவது நலம்.